பெயர் மட்டும் ஓடுகிறது

1995ல் வந்த ‘கெட் ஷார்ட்டி’ படத்தை சமீபத்தில் மறுபடி பார்த்தேன். ஜான் ட்ரவோல்ட்டா மியாமியில் கடன் வசூலிக்கும் ஆசாமி. வேலை விஷயமாக லாஸ் ஏஞ்சலஸ் வருகிறார். ஏர்போர்ட்டில் அவருக்குக் கிடைக்கும் வாடகை வண்டி ஓர் ஓல்ட்ஸ்மொபைல் மினிவேன். பிள்ளைகுட்டிகளை ஏற்றிக்கொண்டு மளிகை வாங்கப் போகிற வண்டி. ரவுடி ஏறுகிற வாகனமா அது? மனிதர் அசரவில்லை. ‘மினிவேன்களில் இது காடிலாக்’ என்று கெத்தாக ஓட்டுகிறார். பார்க்கிறவர்களுக்கெல்லாம் நமக்கும் ஒன்று இருந்தால் தேவலை என்று தோன்றிவிடுகிறது.

ஓல்ட்ஸ்மொபைல், காடிலாக் இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸ் வீட்டுப் பிள்ளைகள். 1897ல் பிறந்த ஓல்ட்ஸ்மொபைல்தான் மூத்தது. அண்ணனைப் புகழத் தம்பி பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணன் 2004ல் காலமாகிவிட்டான் என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் ஒரு பொருள் உசத்தி என்று சொல்ல ‘அதில் இது காடிலாக்’ என்பார்கள். பேனாவோ, பிரஷர் குக்கரோ, எதுவானாலும் சரி. ஒபாமாவின் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில், விலை உயர்ந்த பாலிசிகளுக்கு 40 சதவிகித வரி என்று ஒரு பிரிவு இருந்தது. அதற்கு எல்லோரும் வைத்த பெயர் ‘காடிலாக் வரி’. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, ஒரு டாலர்கூட வசூலிக்காமல் 2019 டிசம்பரில் அதை ரத்து செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயர் புழங்கிய நாட்களில் காசுள்ள அமெரிக்கர் பலர் வாங்கியது லெக்ஸஸும் மெர்சிடிஸும் பி.எம்.டபிள்யூ.வும். கார் இறங்கிவிட்டது, வார்த்தை மட்டும் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது. இது எப்படி நடந்தது?

முதலில் அந்தப் பெயரே கொஞ்சம் டூப். 1701ல் டெட்ராய்ட்டை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயர் அது. பெற்றோர் வைத்தது ஆன்ட்வான் லோமே. கடல் தாண்டி வட அமெரிக்கா வந்ததும் ‘லா மோத் காடிலாக்’ என்று பிரபுப் பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டார். குலச் சின்னமும் சொந்தத் தயாரிப்பு. இருநூறு வருஷம் கழித்து ஒரு கார் கம்பெனி பெயரையும் சின்னத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டது. அமெரிக்கப் பணக்காரர்கள் வீட்டு வாசலில் நின்ற அந்த ராஜ முத்திரை, ஒரு கெட்டிக்காரர் கற்பனையில் ஜோடித்தது.

ஆனால் கார் டூப் இல்லை. 1902ல் ஹென்றி ஃபோர்டு தன் பெயரிலிருந்த கம்பெனியிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறினார். பணம் போட்டவர்கள் கடையைக் கட்டிவிடலாம் என்று, இயந்திரங்களை மதிப்பிட ஹென்றி லேலண்ட் என்பவரைக் கூப்பிட்டார்கள். அவர் துப்பாக்கித் தொழிற்சாலைகளிலும், நுண்ணிய அளவுக் கருவிகளுக்குப் பேர்போன ப்ரௌன் அண்ட் ஷார்ப் கம்பெனியிலும் வளர்ந்தவர். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூக்கம் வராத ஜாதி. ‘விற்காதீர்கள், என்னிடம் நல்ல எஞ்சின் இருக்கிறது, கார் செய்யலாம்’ என்றார். காடிலாக் பிறந்தது.

அந்த நாளில் கார் என்பது ஏறக்குறைய தையல் வேலை மாதிரி. ஒரு காரின் பாகம் அதே மாடலின் இன்னொரு காரில் பொருந்தாது. அரத்தை வைத்து ராவி ராவித்தான் பொருத்த வேண்டும். 1908ல் இங்கிலாந்தில் ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஒரு பரீட்சை வைத்தது. மூன்று காடிலாக்குகளை ப்ரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்துக்குக் கொண்டுவந்து, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, பாகங்களை ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலிருந்து சுமார் 90 பாகங்களை எடுத்துவிட்டு, கடை ஸ்டாக்கிலிருந்து புதிதாகப் போட்டார்கள். மெக்கானிக்குகள் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர் கொண்டு மூன்று கார்களை மறுபடி பூட்டினார்கள். அரம் கூடாது. மூன்றும் கிளம்பி 500 மைல் ஓடின. அந்த வருஷத்துக்கான ட்யூவர் கோப்பை காடிலாக்குக்கு. ‘உலகத்தின் அளவுகோல்’ என்ற விளம்பர வாசகம் அதன் பிறகு ஜம்பமாகத் தெரியவில்லை. சம்பாதித்தது.

1909ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியை வாங்கியது. 1912 மாடலில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை கார் கிளப்ப முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறியும், சில சமயம் ஆளே காலி. இனிமேல் பட்டனை அழுத்தினால் போதும். பெண்கள் யார் தயவும் இல்லாமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று ஆனதில் இந்தச் சின்ன மோட்டாருக்குப் பெரிய பங்கு உண்டு. மறுபடி அதே கோப்பை கிடைத்தது.

மூன்றாவது சாதனையில்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். 1915 ஜனவரி 2 ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் ஒரு முழுப் பக்க விளம்பரம். எழுதியவர் தியோடர் மக்மேனஸ். ஒரு படம் கிடையாது. எஞ்சின், விலை, வேகம் எதுவும் இல்லை. கட்டுரைக்குள் கார் என்ற பேச்சே இல்லை. முன்னால் நிற்பவனைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்படுவார்கள், கல்லெறிவார்கள், ஆனாலும் உயர்ந்தது நிற்கும் என்று ஒரு சின்னப் பிரசங்கம். அவ்வளவுதான். விளம்பரக்காரர்கள் இன்றைக்கும் வேதம் மாதிரி சொல்லிக்கொடுக்கிறார்கள். எழுத்து அபாரம், மறுக்கவில்லை. ஆனால் அது வந்த நேரத்தைப் பாருங்கள். காடிலாக்கின் புது வி-8 எஞ்சினில் ஆரம்பக் கோளாறுகள், போட்டிக் கம்பெனியின் கேலி. ‘பழுதைச் சரி செய்துவிட்டோம்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘எங்களைப் பார்த்துப் பொறாமை’ என்றார்கள். கார் நல்ல கார், கோளாறும் சரியானது, அதனால் தப்பித்தார்கள். ஆனால் பெயரைப் பட்டறையில் மட்டுமல்ல, பத்திரிகையிலும் தயாரிக்கலாம் என்ற ருசி அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

அடுத்தது 1930களின் மந்தம். காடிலாக்கை மூடிவிடலாமா என்று மேலிடம் யோசிக்கிறது. நிர்வாகவியல் மேதை பீட்டர் டிரக்கர் தன் நினைவுக் குறிப்பில் சொல்லும் கதை இது. நிக்கலஸ் டிரேஸ்டாட் என்ற ஜெர்மன்காரர் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழைக்காமலே மீட்டிங்குக்குள் நுழைந்து பத்து நிமிஷம் கேட்டார். காடிலாக்கைக் கறுப்பர்களுக்கு விற்பதில்லை என்பது கம்பெனியின் கொள்கை. ஆனால் சர்வீஸுக்கு வண்டி கொண்டுவருகிறவர்களில் எத்தனை கறுப்பர்கள்! குத்துச்சண்டை வீரர்கள், பாடகர்கள், டாக்டர்கள். ஒரு வெள்ளைக்காரருக்குக் கமிஷன் கொடுத்து, அவர் பெயரில் வாங்கி ஓட்டுகிறார்கள். நல்ல வீடு வாங்க முடியாது, நல்ல ஓட்டலில் தங்க முடியாது, காசிருந்தும் காட்ட வழியில்லை. கார் ஒன்றுதான் பாக்கி. அந்தக் கமிஷனை நாமே வாங்கினால் என்ன என்றார் டிரேஸ்டாட். கொள்கை மாறியது, கம்பெனி பிழைத்தது.

இதில் சமத்துவம் எதுவும் இல்லை, சுத்த வியாபாரம்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ‘உனக்குக் கிடையாது’ என்று கதவைச் சாத்தியவனிடமே, கூடுதல் காசு கொடுத்து, பின் வாசல் வழியாக வாங்கியிருக்கிறார்கள். காடிலாக் என்ற வார்த்தைக்கு அர்த்தம் கொடுத்தது விளம்பரமா, இவர்களா?

போருக்குப் பிறகு வால் முளைத்தது. ஹார்லி ஏர்ல் என்ற டிசைனர் பி-38 போர் விமானத்தைப் பார்த்த மயக்கத்தில் 1948 மாடலின் பின்பக்கம் இரண்டு சின்ன மேடுகள் வைத்தார். வருஷா வருஷம் வளர்ந்து 1959ல் சுறாமீன் துடுப்பு அளவுக்கு வந்து நின்றது. நம் ஊரில் ‘படகு கார்’ என்று வாய் பிளந்த காலம். எல்விஸ் பிரெஸ்லி ஒரு 1955 காடிலாக்குக்குப் பிங்க் பெயின்ட் அடித்து அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மாவிடம் லைசென்ஸ் கிடையாது! அதனால் என்ன? வாசலில் நின்றால் போதாதா? எஞ்சினும் அப்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோப்பையை வாங்கித் தந்தது வண்டியின் உள்ளே இருந்த விஷயம். இப்போது ஜனங்கள் பார்த்தது வெளியே இருந்த வால்.

அப்புறம் பெட்ரோல் நெருக்கடி. 1976 எல்டொராடோவில் 8.2 லிட்டர் எஞ்சின். அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பிழைப்பது? 1981ல் தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நாலு சிலிண்டரில் ஓடும் எஞ்சின் கொண்டுவந்தார்கள். பிரமாதமான யோசனைதான், ஆனால் அன்றைய கம்ப்யூட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. பெரும்பாலான மாடல்களில் ஒரே வருஷத்தில் கைவிட்டார்கள். அதைக்கூட மன்னிக்கலாம். முயற்சி செய்து தோற்பது பாவமில்லை.

மன்னிக்க முடியாதது 1982 சிமரான். அதே கம்பெனியின் மலிவு விலை ஷெவர்லே கவாலியரை எடுத்து, தோல் சீட் போட்டு, முன்னால் பிரபுவின் முத்திரையைக் குத்தி, 12,000 டாலருக்கு விற்றார்கள். அதே 1.8 லிட்டர், நாலு சிலிண்டர் எஞ்சின். ஜனங்கள் முட்டாள்களா? பக்கத்து ஷோரூமில் அதன் உடன்பிறப்பு வெகு குறைந்த விலைக்கு நிற்கிறது. 1988ல் மூடினார்கள். பிற்காலத்தில் காடிலாக் அதிகாரி ஒருவர் ‘மறக்க வேண்டாம்’ என்று எழுதி சிமரான் படத்தைத் தன் அறையில் மாட்டி வைத்திருந்ததாகச் சொல்வார்கள்.

1908ல் இந்தக் கம்பெனிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது எது? பாகங்களை மாற்றிப் போடலாம் என்பது. 1982ல் பெயரைக் கெடுத்தது? காரையே மாற்றிப் போடலாம் என்று நினைத்தது. இரண்டும் ஒரே தந்திரம்போலத் தெரியும். முன்னது வாங்குகிறவனுக்காகச் செய்தது, பின்னது வாங்குகிறவனை ஏமாற்றச் செய்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரிவு இதோடு நிற்கவில்லை. 1998 விற்பனையில் லிங்கனை 222 கார் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டோம் என்று காடிலாக் அறிவித்தது. அடுத்த மே மாதம், எண்ணிக்கை தவறு, லிங்கன்தான் முதல் என்று மன்னிப்புக் கேட்டார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் அளந்த லேலண்டின் கம்பெனிக்குத் தன் காரை எண்ணத் தெரியவில்லை.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1999 மாடலாக எஸ்கலேட் என்று ஒரு பூதாகார வண்டி வந்தது. அதுவும் ஜி.எம்.சி. யூகான் டெனாலி என்ற அண்டை வீட்டு வண்டிக்கு முத்திரை குத்தியதுதான். சிமரான் செய்த அதே காரியம். ஆனால் இது பிய்த்துக்கொண்டு போனது. ஏன்? அடுத்த மாடலில் அதற்கென்று சொந்த முகம் கொடுத்தார்கள் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், ராப் பாடகர்களும் கூடைப்பந்து வீரர்களும் அதைத் தத்து எடுத்துக்கொண்டார்கள். பாட்டில் பெயர் வந்தது, வீடியோவில் வண்டி வந்தது. கம்பெனி மறந்துபோன மரியாதையை, 1930களில் கமிஷன் கொடுத்து வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாவது முறையாக!

ஆகவே என் தீர்ப்பு இதுதான். காடிலாக் என்ற கம்பெனிக்குப் பாதி மார்க் கொடுக்கலாம். காடிலாக் என்ற வார்த்தைக்கு முழு மார்க். அந்த வார்த்தையை உண்டாக்கியவர்கள் லேலண்டின் பட்டறை ஆட்களும், கதவு சாத்தப்பட்டும் திரும்பி வந்தவர்களும். கம்பெனி அதைச் செலவு மட்டும்தான் செய்தது. நல்ல பெயர் பேங்க் டெபாசிட் மாதிரி. வட்டியில் கொஞ்ச நாள் சாப்பிடலாம், அசலில் கை வைத்தால் தெரிந்துவிடும்.

2022ல் செலஸ்டிக் என்ற மின்சாரக் காரை அறிவித்தார்கள். விலை மூன்று லட்சம் டாலருக்கு மேல். கையால் கட்டுவது, வாங்குகிறவர் விருப்பப்படி ஒவ்வொன்றும் தனி ரகம், ஒன்று போல் இன்னொன்று இருக்காது என்பதுதான் பெருமையே.

லேலண்ட் இருந்திருந்தால் மூன்று செலஸ்டிக்கைக் கொண்டுவரச் சொல்லி, ஸ்பானரைக் கையில் எடுத்திருப்பார்.