மரைக்காயர் என்னும் பெயர்: ஒரு சொல்லாய்வு

காரைக்காலிலும் அதனை அடுத்த நாகூர், நாகப்பட்டினம் ஆகிய துறைகளிலும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் பெயரிறுதியில் 'மரைக்காயர்' என்னும் சொல் நிற்றலைக் காண்கின்றோம். கடற்கரையினின்று அகன்ற உள்நாட்டில் இஃது அருகியே வழங்கும். தமிழருள் தந்தை பெயரை முன்னிறுத்தும் மரபே பெருவழக்கு. மேனாட்டார் போன்று குடும்பப்பெயரைத் தலைமுறைதோறும் தாங்கிவரும் வழக்கம் குறைவு. ஆயினும், பட்டப்பெயராய் நின்ற இச்சொல், 1739 முதல் பிரெஞ்சியர் ஆண்ட காரைக்காலில், அவர்தம் எழுத்தில் 'மரிக்கார்' என்னும் ஒலிபெற்றுக் குடும்பப்பெயர் போலவே நிலைத்துவிட்டது. 1967-இல் புதுச்சேரியின் முதலமைச்சரான பாரூக் மரைக்காயரின் பெயரால் அரசியல் உலகும் இதனை அறியும். இப்பெயரின் பிறப்பும் பொருளும் பரவலும் யாவை என்பதே ஈண்டு ஆராயப்படும்.

இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் விளக்கம், 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதி நூலிற் காணப்படுவது. அரபு நாட்டினின்று துன்புறுத்தப்பட்டு வெளியேறியோர் இக்கரையில் வந்திறங்கினராம். அவர் யார், எங்கிருந்து வந்தனர் என இங்குள்ளோர் வினவினராம். வந்தவர் தம் படகுகளைச் சுட்டி 'மர்கப்' என்றனராம். அரபு மொழியில் மரக்கலத்தைக் குறிக்கும் அச்சொல்லே அவர்க்குப் பெயராயிற்றாம். பின்வந்தோர் பலர் இதனை ஆராயாது வழிமொழிந்தனர். யாம் இவ்விளக்கத்தை ஒலி, பொருள், பரவல் என்னும் மூன்றானும் நோக்குவோம்.

முதற்கண் ஒலி. அரபு மொழியினின்றும் பாரசீகத்தினின்றும் தமிழிற் புகுந்த சொற்கள் தம் இறுதி மெய்யை எளிதில் இழப்பதில்லை. உகரமோ இகரமோ பெற்று அதனைக் காத்துக்கொள்ளும். நவாப் நவாபு ஆயிற்று. சாகிப் சாகிபு ஆயிற்று. கிதாப் கித்தாபு ஆயிற்று. கப்பற்றொழிற் சொற்களும் இவ்வாறே. கற்பிப்போனைக் குறிக்கும் 'முஅல்லிம்' கடலோட்டும் தலைவனுக்கு ஆகி 'மாலுமி' எனத் தமிழாயிற்று. ஆண்டும் மகரம் கெடவில்லை. 'சுக்கான்' தன் னகரத்தோடே வந்தது. இம்முறையால் 'மர்கப்' தமிழிற் புகுந்திருப்பின் 'மர்க்கபு' என்றோ 'மரக்காபு' என்றோ நின்றிருத்தல் வேண்டும். மரைக்காயர் என்னும் சொல்லில் அப்பகரத்தின் சுவடு இல்லை. அஃது ஏன் கெட்டது, யகரம் எவ்வாறு தோன்றிற்று என்பவற்றுக்கு அக்கதை விடை கூறவில்லை.

அடுத்துப் பொருள். 'மர்கப்' என்பது ஊர்தியின் பெயர், ஊர்வோன் பெயரன்று. அரபு மொழியிற் கடலோடியைக் குறிக்க 'மல்லாஹ்' என்னும் சொல் உண்டு. கப்பற்றலைவனுக்குப் பாரசீகச் சொல்லாகிய 'நாகுதா' கடற்கரை எங்கும் வழங்கிற்று. வந்தோர் தம்மைத் தம் மொழியாற் கூறியிருப்பின் இவற்றுள் ஒன்றே பெயராயிருத்தல் இயல்பு. யார் நீவிர் என்ற வினாவுக்குக் கப்பல் என விடைபகர்ந்தனர் எனலும், அவ்விடையையே கேட்டோர் குடிப்பெயராகக் கொண்டனர் எனலும், பெயரைக் கண்டபின் அதற்கெனப் புனைந்த கதையின் இலக்கணமேயாம். இலப்பைமார்க்கும் 'லப்பைக்' என்னும் அரபு விடைமொழியைக் காரணமாக்கி இத்தகைய கதையொன்று வழங்குதல் ஈண்டு ஒப்புநோக்கத் தகும். ஒரே அச்சில் வார்த்த இருகதைகளுள் ஒன்றை மட்டும் வரலாறெனக் கொள்ளுதல் பொருந்தாது.

மூன்றாவதாகிய பரவலே இச்சிக்கலைத் தீர்க்கவல்லது. கன்னடக் கடற்கரையில் மொகவீரர் என்னும் மீனவக் குடியினர் 'மரகாலர்' என்றும் அழைக்கப்படுவர். மலையாளக் கரையில் 'மரக்கான்' என்பது மீனவக் குடியொன்றன் பெயராகவும் உண்டு. இவ்விரு குடியினரும் இசுலாத்தைச் சார்ந்தவரல்லர். அரபு நாட்டினின்று வந்ததாகக் கூறும் கதையும் இவர்க்கு இல்லை. ஈழத்திற் சிங்களவர் அந்நாட்டு முஸ்லிம்களை 'மரக்கல' எனக் குறிப்பர். அம்முஸ்லிம்களிடையே 'மரிக்கார்' குடும்பப்பெயராக வழங்குகின்றது. கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர் 'குஞ்ஞாலி மரக்கார்' எனப்பட்டனர். அவருள் நான்காமவர் 1600-இற் கோவாவிற் போர்ச்சுகீசியராற் கொல்லப்பட்டார். பினாங்கிற் குடியேறிய தமிழ் முஸ்லிம்களிடம் இப்பெயர் 'மெரிக்கான்' என வழங்குகின்றது. 1801-இல் அங்குப் பெரும்பள்ளி கண்ட காதிர் முகைதீன் மெரிக்கான் பரங்கிப்பேட்டையினின்று சென்றவர்.

இவ்வடிவங்களை ஒருங்குவைத்து நோக்கின் இரண்டு உண்மைகள் புலனாம். ஒன்று, சிங்களத்தும் கன்னடக் கரையிலும் லகரம் நிலைத்து நிற்கின்றது; தமிழிலும் மலையாளத்திலும் அது மறைந்தது. 'மர்கப்' என்னும் சொல்லில் லகரத்துக்கு இடமே இல்லை. 'மரக்கலம்' என்னும் சொல்லில் அஃது உறுப்பாய் உள்ளது. மற்றொன்று, மரக்கான், மரக்கார் என்பன ஒருமையும் உயர்வுப்பன்மையுமாய் இணைந்து நிற்கின்றன. பினாங்கு வழக்கு ஒருமையைக் காத்தது. மலையாளமும் ஈழமும் உயர்வுப்பன்மையைப் போற்றின. சோழமண்டலக் கரை யகரம் பெற்ற 'மரக்காயர்' வடிவை விரும்பிற்று. எல்லாவற்றுக்கும் அடி, மரமும் கலமும் சேர்ந்து மகரங்கெட்டு வல்லெழுத்து மிக்க மரக்கலமே.

மரக்கலராயர் என்பதே மருவிற்று என்பாரும் உளர். அவர் அடிச்சொல்லைச் சரியாகக் கண்டனர். ஈற்றில் அரசுப் பட்டத்தை ஏற்றியதே மிகை. 16-ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுகீசியர் குறிப்புகளில் இப்பெயர் 'மர்க்கார்' என்னும் குறுகிய ஒலியோடே காணப்படுகின்றது. கன்னட, மலையாள மீனவர் பெயர்களிலும் ராயர்ப் பட்டத்துக்கு வழியில்லை. இனி, மரக்காயர் மரைக்காயர் ஆயினமைக்கு நன்னூலாரின் போலி விதியைக் காட்டுதலும் சாலாது. அவர் அகரத்துக்கு ஐகாரம் போலியாதலைச் சகர ஞகர யகரங்களின் முன்னரே விதித்தார்; இங்கு அகரத்தை அடுத்து நிற்பது ககரமாகும். ஆதலின் இவ்வைகாரம் பேச்சுவழக்கால் நேர்ந்தது எனக் கொள்ளுதலே தகும்.

தொழிலாற் பெற்ற பெயர் மதிப்புப் பட்டமாய் உயர்தல் தமிழுக்குப் புதிதன்று. குதிரைவீரனைக் குறித்த 'இராவுத்தர்' என்னும் சொல்லும் தமிழ் முஸ்லிம்களிடையே பட்டப்பெயராயிற்று. அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் முருகனையே அப்பெயராற் சுட்டினார். நிலத்திற் குதிரையால் ஒருசாரார் பெயர் பெற்றனர். நீரிற் கலத்தால் மற்றொரு சாரார் பெயர் பெற்றனர். 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய புராணம் காரைக்காலை வணிகர் வாழும் கடற்றுறையாகக் காட்டும்; புனிதவதியாரின் கணவனாகிய பரமதத்தன் கலமேறிச் சென்று பொருளீட்டியவன். அவ்வணிகனும் பிற்கால மரைக்காயரும் சமயத்தால் வேறாயினும் ஒரே கடற்றொழிலின் வழியில் நின்றவர்.

இவ்வாராய்ச்சி வெறுஞ்சொற் பூசலன்று. அரபுக் கதையை ஏற்போர், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு குடியினரைத் தமிழ்க்கரையில் என்றும் வந்தேறியராகவே நிறுத்திவிடுகின்றனர். அவருட் பலர்க்கு அரபு முன்னோர் உண்டென்பதை யாம் மறுக்கவில்லை. குருதிவழி வேறு, பெயர்வழி வேறு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் நிறைவுறப் பொருளுதவியவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். அக்காப்பியம் விட்ட இடத்தினின்று தொடர்ந்து சின்னச்சீறா பாடியவர் காயற்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர். தமிழ்க்காப்பியத்தைப் புரந்தாரும் பாடினாரும் தாங்கிய பெயர் தமிழ்ச்சொல்லாகவே இருத்தலில் வியப்பில்லை.

மாலுமியும் சுக்கானும் அரபு தந்த கொடை என ஒப்புக்கொள்ளும் நேர்மை நமக்கு வேண்டும். மரைக்காயர் தமிழ் தந்தது எனக் கூறவும் அதே நேர்மை வேண்டும். எனவே இச்சொல்லை அயன்மொழிச் சொற்களின் வரிசையினின்று நீக்கி, கட்டுமரம், மரக்கலம் என்பவற்றோடு ஒருங்குவைத்து ஆராய்தலே முறையாகும்.