எங்களுக்கு ஒரே ஒரு சீசன்

2019 தீபாவளிக்கு ‘பிகில்’ வந்தபோது திருநெல்வேலியில் ஒரு தியேட்டரில் போய்ப் பார்த்தேன். கூட வந்தவள் என் கல்லூரிக் காலத்து கோல்கீப்பர். பத்தமடைக்காரி. இரண்டு பிள்ளைகளையும் உம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பெண்கள் கால்பந்து அணியை வைத்து ஒரு விஜய் படம் என்றால் நாங்கள் போகாமல் இருப்போமா? ‘சிங்கப்பெண்ணே’ பாட்டுக்கு விசில் அடித்தோம். சில இடங்களில் அழுதோம். படம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் கேட்டாள்: “ஏளா, அன்னைக்கு நாம ஒரு மேட்ச் ஜெயிச்சிருந்தா நம்ம டீமை வச்சிருப்பாங்களோ?”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பஸ் வந்துவிட்டது.

சேரன்மகாதேவியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் நான் படித்த கல்லூரியில் ஒரே ஒரு வருஷம் பெண்கள் கால்பந்து அணி இருந்தது. பதினான்கு பேர். எங்கள் ஸ்ட்ரைக்கர் முக்கூடலிலிருந்து வருவாள். வீட்டுக்குப் போனதும் ராத்திரி வெகுநேரம் பீடி சுற்ற வேண்டும். வீரவநல்லூர்க்காரி அப்பாவின் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துவிட்டு வருவாள். கோல்கீப்பர் வீட்டில் பாய் நெசவு. பூட்ஸ் ஏழு பேரிடம்தான் இருந்தது. மற்றவர்களுக்குக் கான்வாஸ் ஷூ. உடை மாற்ற அறை கிடையாது. நான்கு பேர் துப்பட்டாவை விரித்துப் பிடிக்க, ஒருத்தி நடுவில் நின்று மாற்றிக்கொள்வாள். மாதவிலக்கு நாட்களில் அந்தத் துப்பட்டாவுக்குள் எவ்வளவு அவசரம் என்பது ஆடிய எல்லாருக்கும் தெரியும்.

அந்த சீசனில் மூன்று ஆட்டம் ஆடினோம். 0-9, 0-6, 1-4. அந்த ஒரு கோலை முக்கூடல்காரி அடித்தபோது எதிரணிப் பெண்களே கை தட்டினார்கள். அடுத்த ஜூனில் கல்லூரி திறந்தபோது அணி இல்லை. “ஒண்ணுகூட ஜெயிக்கலியேம்மா” என்றார்கள். ஆண்கள் அணியும் அந்த வருஷம் முதல் சுற்றிலேயே தோற்றிருந்தது, அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். அவர்களுக்குப் புது ஜெர்சி வந்தது.

பல வருஷம் கழித்து, நானே கல்லூரி ஆசிரியை ஆன பிறகு, மாணவிகளோடு பேசுவதற்காக விளையாட்டுப் படங்களைத் தேடிப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததுதான் ‘வி ஆர் மார்ஷல்’. 2006 டிசம்பரில் வந்த அமெரிக்கப் படம். அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து அல்ல. தலைக்கவசம் மாட்டி, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடி, மோதி ஆடுவது. கல்லூரி அணிகள் ஆடும் ஆட்டத்துக்கே ஊர் திரண்டு போகும்.

படம் சொல்வது உண்மையில் நடந்த கதை. மேற்கு வர்ஜீனியாவில் மார்ஷல் பல்கலைக்கழகம். 1970 நவம்பர் 14 அன்று வெளியூர் ஆட்டம் முடித்துத் திரும்பிய விமானம் விழுந்து, அதில் இருந்த 75 பேரும் இறந்தார்கள். 37 பேர் ஆட்டக்காரர்கள். அணியைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சு வந்தது. கலைக்கவில்லை. ஜாக் லெங்கியல் என்ற புதுப் பயிற்சியாளர் வந்தார். முதலாண்டு மாணவர்களும் ஆடலாம் என்று அனுமதி வாங்கினார்கள். நம் கால்பந்து ஆடிய ஒருவரைக் கூட்டிவந்து பந்தை உதைக்க வைத்தார்கள். 1971 சீசனில் பத்து ஆட்டம். வெற்றி இரண்டு, தோல்வி எட்டு.

இந்த எட்டுத் தோல்வியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். படத்துக்கும் அதை முழுதாகக் காட்டத் தைரியம் இல்லை என்பது வேறு விஷயம். சேவியர் பல்கலைக்கழகத்தைக் கடைசி நொடியில் 15-13 என்று வென்ற இரண்டாவது ஆட்டத்தையே உச்சமாக வைத்திருக்கிறார்கள். ஆனாலும் படம் கொண்டாடுவது அணி திரும்பவும் களத்தில் இறங்கியதை. ஆடினார்கள் என்பதே கதை சொல்லப் போதுமானதாக இருக்கிறது. மார்ஷல் அணி வெற்றிகள் மிகுந்த ஒரு சீசனைப் பார்க்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1992இல் தன் பிரிவில் தேசியப் பட்டம் வென்றது. அதாவது, 1971 முதல் பதின்மூன்று சீசன் அந்தக் கல்லூரி பொறுத்துக்கொண்டது.

அங்கே அத்தனை சாவு விழுந்தது, அதனால் தோல்வியை மன்னித்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் சாவே விழாத எங்கள் கல்லூரி ஆண்கள் அணிக்கும் அதே மன்னிப்பு கிடைத்ததே. 2009இல் வந்த ‘வெண்ணிலா கபடி குழு’வையும் நினைத்துப் பாருங்கள். ஜெயித்தே அறியாத ஓர் ஆண்கள் அணியை வைத்துத்தான் கதை தொடங்குகிறது. அவர்களுடைய தோல்விகளைச் சிரித்துக்கொண்டே பார்த்தோம். அதனாலேயே அவர்கள் மேல் பிரியம் வந்தது. தோற்கும் ஆண்களைப் பார்த்து நமக்குச் சிரிப்பும் பிரியமும் வருகிறது. தோற்கும் பெண்களைப் பார்த்தால், இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று வருகிறது.

நம் படங்களில் பெண்கள் ஜெயித்தே ஆக வேண்டியிருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். ‘சக் தே இந்தியா’, ‘இறுதிச்சுற்று’, ‘கனா’, ‘பிகில்’ நான்கிலும் முடிவு வெற்றி. நான்கிலும் ஓர் ஆணின் பழைய காயமும் இருக்கிறது. ‘சக் தே’ பயிற்சியாளர் மேல் துரோகிப் பழி. ‘இறுதிச்சுற்று’ பயிற்சியாளர் ஓரங்கட்டப்பட்டவர்; அந்தப் படத்தை எடுத்தவர் சுதா கொங்கரா என்ற பெண் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘கனா’வில் அப்பாவின் கண்ணீர்தான் மகளை கிரிக்கெட்டுக்குத் தள்ளுகிறது. ‘பிகி’லில் தந்தையின் கொலையால் மைக்கேல் இழந்த ஆட்டத்தைப் பெண்கள் ஆடி முடித்துக் கொடுக்கிறார்கள். கோப்பை அவர்கள் கையில் இருக்கிறது; கணக்கு தீர்ந்தது அவனுக்கு.

‘பிகில்’ நல்லதும் செய்தது. ஆசிட் வீச்சுக்கு ஆளான பெண் முகத்தை மூடாமல் ஆட வருவதையும், புகுந்த வீட்டில் அடைபட்டவள் மறுபடி பந்தைத் தொடுவதையும் அத்தனை பெரிய கூட்டம் உட்கார்ந்து பார்த்தது. என் மாணவிகள் சிலர் அந்தப் படத்துக்குப் பிறகே மைதானத்துக்கு வந்தார்கள். ஆனால் இறுதிப் போட்டியின் நடுவே, ரோஷம் வரட்டும் என்று, பாண்டியம்மாவை அவள் உடம்பைச் சொல்லிக் கேலி செய்கிறான் மைக்கேல். தியேட்டர் சிரித்தது. அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த என் கோல்கீப்பர் கையைக் கட்டிக்கொண்டாள். எங்களை அவமானப்படுத்தினால்தான் நாங்கள் ஆடுவோம் என்று யார் சொன்னது? 0-9 என்ற ஆட்டத்தில் அவளிடம் யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. பத்தாவது கோலை அவள் பாய்ந்து தடுத்தாள்.

ஜெயித்தால் மட்டும் என்ன ஆகிறது? ‘வி ஆர் மார்ஷல்’ வந்த அதே 2006 டிசம்பரில், தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். தோற்ற எங்களிடம் ஏன் ஜெயிக்கவில்லை என்று கேட்டார்கள். ஜெயித்தவரிடம் நீ பெண்தானா என்று கேட்டார்கள்.

மார்ஷல் படத்தில் கதை சொல்லும் குரல் ஒரு பெண்ணுடையது. விபத்தில் காதலனை இழந்த சியர்லீடர் அவள். மைதானத்துக்கு வெளியே நின்று பார்த்ததைச் சொல்கிறாள். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்து, அங்கே பெண்களின் விளையாட்டுக்குக் கதவு திறந்த ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972இல்தான் வந்தது. 1971இன் கதையில் அவளுக்கு வெளியேதான் இடம். நம் பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய சீசனை இன்னும் வேறொருவர் குரல்தான் சொல்கிறது.

அந்த சீசன் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெண்களுக்கான தேசிய சீனியர் கால்பந்துப் போட்டி 1991இல் தொடங்கியது. தமிழ்நாடு முதன்முறையாக அதை வென்றது 2018 பிப்ரவரியில், கட்டாக்கில், மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து. 2019 மே மாதம் மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கை வென்றது. ‘பிகில்’ வெளியாக ஐந்து மாதம் இருந்தது. இந்த இரண்டு வெற்றிக்கும் முன்னால் பட்டம் இல்லாமல் கழிந்த எத்தனையோ சீசன்கள். அவற்றில் ஆடி, தோற்று, வேலைக்கோ கல்யாணத்துக்கோ போன பெண்கள்தான் அடுத்து வந்தவர்களுக்கு மைதானத்தை விட்டுவைத்தார்கள். சினிமாவில் ஒரு பயிற்சியாளர் சில நாட்களில் செய்து முடிப்பதை இவர்கள் இருபத்தேழு வருஷத்தில் செய்தார்கள்.

இப்போது கோல்கீப்பருக்கு என்னால் பதில் சொல்ல முடியும். ஜெயித்திருந்தால் வைத்திருப்பார்கள், பிள்ளே. ஆனால் அடுத்த தோல்வி வரைக்கும்தான். தோற்ற பிறகும் வைத்திருந்தால்தான் அது அணி.

இந்த வருஷம் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் பெண்கள் அணி மூன்று ஆட்டத்திலும் தோற்றது. அடுத்த வருஷமும் அணி வேண்டும் என்று விண்ணப்பம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘சாதனைகள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூன்று ஆட்டத்தின் தேதியையும் கோல் கணக்கையும் எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தேன்: மூன்றிலும் கடைசி விசில் வரை பதினொரு பேரும் களத்தில் இருந்தார்கள்.

பதில் இன்னும் வரவில்லை. பயிற்சி காலை ஆறரைக்கு நடக்கிறது.