அடுக்கில் இல்லாத ஆட்டம்

டேபிள் ரோஸில் ராணிக் கலர் ஒற்றைப் பூவுக்கு மேல் ஒன்று கிடையாது என்பது என் கட்சி. அடுக்குப் பூ வளர்ப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அவர்கள் மாடியில் தொங்கும் ஜம்போ, சிண்ட்ரெல்லா ரகங்களையும் நானும் நின்று பார்த்திருக்கிறேன். எட்ட நின்றால் நிறைவாகத்தான் இருக்கின்றன. குனிந்து பார்த்தால் பூவின் நடுவே ஒன்றும் நடப்பதில்லை.

ஒற்றைப் பூவில் நடக்கிறது. வெயில் சுள்ளென்று ஏறி, ஐந்து இதழும் முழுக்க மலர்ந்த பிறகு, ஈர்க்குச்சியின் நுனியால் மகரந்தத் தாள்களை ஒரு பக்கமாக லேசாக வருடிப் பாருங்கள். தொட்ட பக்கத்தை நோக்கி அவை வளையும். வலப்பக்கம் தொட்டால் வலம், இடப்பக்கம் தொட்டால் இடம். காற்றில் ஆடுவது போலல்ல. தொடுகையின் திசை அறிந்து அசைகிற அசைவு. குச்சியை விடத் தேனீ தொடும்போது பார்க்க வேண்டும். சின்னஞ்சிறு கொசுத்தேனீ உள்ளே இறங்கியதும் தாள்கள் அதன் மேல் கவிந்து மஞ்சள் தூளைப் பூசிவிடும். அது போன பிறகும் நான் அந்தப் பூவை விட்டு நகர்வதில்லை. அடுத்தது வரும் வரை காத்திருப்பேன். தொட்டாற்சிணுங்கியைக் காட்டிக் குழந்தைகளை மகிழ்விக்கிற நாம், இதை ஏன் ஒருவருக்கும் காட்டுவதில்லை?

அடுக்குப் பூவில் இந்தத் தாள்களில் பலவும் இதழாக மாறிவிடுகின்றன. இதழ் கூடக் கூட ஆட்டம் குறைகிறது. விதையும் குறைகிறது. அந்த விதைக்காய் இருக்கிறதே, அதுவும் ஓர் அழகு. முற்றியதும் மேல்பாதி மூடி போலக் கழன்று விழ, உள்ளே ஈயச் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக விதைகள் மினுங்கும். மண் போட்டு மூடாமல் மேலாகத் தூவிவிட்டால் போதும், வெளிச்சம் பட்டு முளைக்கும். சிமெண்டுத் தரையின் வெடிப்பில்கூட இவை எழுந்து வந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

நிறத்திலும் என் கட்சிக்குச் சாட்சி உண்டு. 1829இல் தாவரவியலாளர் ஹூக்கர் இந்தச் செடிக்குப் பெயர் சூட்டி, விவரித்து எழுதினார். அர்ஜென்டினாவில் மெண்டோசா மலையடிவாரத்துக்குப் போகும் வழியில், லேசான மணற்பாங்கில், மருத்துவர் ஜான் கில்லிஸ் கண்டது அது. பரந்த தரை முழுக்க ஊதாச் சிவப்பாகத் தெரிந்ததாம். நடுநடுவே ஆரஞ்சு நிறம் புள்ளியிட்டிருந்ததாம். ஆக, இன்றைய ஐஸ்கிரீம் வண்ணங்களெல்லாம் பின்னால் வந்தவை. பீட்ரூட்டைச் சிவப்பாக்கும் பீட்டாலெயின் வகைச் சாயம்தான் இந்த இதழிலும். வெளிறிய ரோஜா நிறத்துக்கு அந்தச் சாயத்தைக் கரைத்துவிட்டு அதை நயம் என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நண்பகல் வெயிலில் கண் கூசாமல் நிற்கிற நிறம் ராணிக் கலர் ஒன்றுதான்.

அந்த மணற்பாங்கை நினைவில் வைத்துக்கொண்டால் பராமரிப்பு தானாக வந்துவிடும். செம்மண்ணில் பாதிக்குப் பாதி மணல், அகன்ற ஆழமில்லாத தொட்டி, மறைப்பில்லாத வெயில். உரம் கொட்டினால் இலைதான் கொழுக்கும். நர்சரிகள் இன்று தேங்காய்நார்த் தூளில் மட்டுமே நட்டு, பச்சை வலைக்கடியில் வைத்து விற்கின்றன. ஐப்பசி அடைமழை வந்ததும் அந்தத் தூள் நீரைப் பிடித்துவைத்துத் தண்டின் அடியை அழுகச் செய்கிறது. வாங்கியவர் தன் கைராசியை நொந்துகொள்கிறார். வாங்கிய அன்றே தூளை உதறிவிட்டு மணல்கலந்த மண்ணுக்கு மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும். போதாக்குறைக்கு, தட்டை இலைக்கார அம்ப்ரட்டிகோலாவையும் இதே பெயரில் விற்கிறார்கள். அதுவும் நல்ல செடிதான். ஆனால் ஊசி இலையும், கணுக்களில் வெண்மயிரும் கொண்ட இதனோடு அதைக் கலப்பது ரசனைக் குறைவு.

முன்பெல்லாம் இதைக் காசு கொடுத்து யாரும் வாங்கியதில்லை. எங்கள் தெருவில் உடைந்த பானை, ஓட்டை வாளி, மதில் மேல் கொட்டிய ஒரு கை மண், எல்லாவற்றிலும் இது வழிந்துகொண்டிருக்கும். அக்கா, ஒரு கிள்ளு கொடுங்க என்று கேட்டால் போதும். இன்று ஐம்பது ரகம் என்று பட்டியல் போட்டுத் துண்டுகளைக் கூரியரில் அனுப்புகிறார்கள். அந்தப் பட்டியல்களில் பழைய ஒற்றை ராணிக் கலரைத் தேடித் தேடி அலுத்துவிட்டது. எளிதாகக் கிடைத்தது என்பதற்காகவே அதை மதிக்காமல் விட்டோம்.

பழைய மதில்கள் இருக்கும் தெருக்களில் இன்னும் இருக்கிறது. பார்த்தால் வீட்டுக்காரரைக் கேட்டு, மொட்டில்லாத நுனியாகப் பார்த்து நாலு விரல் நீளம் கிள்ளி வாருங்கள். அடி இலைகளை உருவிவிட்டு, ஒரு பகல் நிழலில் காயவைத்து நடுங்கள். தை மாதமென்றால் இன்னும் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறத் தொடங்கியிருக்கும்.