சிலை கரையுமா சார்?

பிறந்தநாள் கொண்டாடிய கையோடு, பிறந்தநாள்காரரையே தூக்கித் தண்ணீரில் போட்டுவிட்டு வருவது நம் ஊரில் பிள்ளையாருக்கு மட்டும்தான். கிருஷ்ணர் சீடையோடும் ராமர் நீர்மோரோடும் விட்டுவிடுவார்கள். மறுநாள் பழையபடி சுவரில் படம். பிள்ளையார்தான் கிணற்றுக்குப் போவார்.

நான் படித்தது பி.காம். எந்தப் பொருளுக்கும் ஒரு ஆயுள் போட்டு, தேய்மானம் கழித்து, கடைசியில் மதிப்பைப் பூஜ்யமாக்கச் சொல்லித் தந்தார்கள். இந்தக் கணக்கைச் சதுர்த்திக்கு முதல் நாள் மயிலாப்பூர் மாட வீதியில் நீங்களே பார்க்கலாம். அச்சில் ஈரக் களிமண்ணை அழுத்தித் தட்டுவார்கள். இரண்டு குன்றிமணி வைத்தால் கண்ணாச்சு. எருக்கம்பூ மாலைக்கும் குடைக்கும் தனிக்காசு. மூன்றாம் நாள் மண் மண்ணோடு போய்விடும். பாக்கி பூஜ்யம்.

அப்படியே பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் கடற்கரைக்கு வாருங்கள். பெரிய பெரிய பிள்ளையார்களைக் கிரேன் கட்டி இறக்குவார்கள். புனேயில் திலகர் இதைப் பெரிய தெரு விழாவாக்கியது 1893-ல். சென்னைத் தெருக்களில் பரவியது 1980களுக்குப் பிறகு. சாமி தெருவுக்கு வந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சரக்கு மாறியதில்தான் இருக்கிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தண்ணீர் சேர்த்தால் இறுகுகிற சாமான். அதைக் கடலில் போட்டுவிட்டுக் கரையும் என்று நம்பினால் எப்படி? முங்க மறுக்கும் சிலையைக் காலால் மிதித்து அழுத்தியதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காலையில்தானே அதற்குக் கற்பூரம் காட்டினோம்?

பிளாஸ்டர் சிலை கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-லேயே விதி போட்டுவிட்டது. 2023 செப்டம்பரில் மதுரைக் கிளையில் தனி நீதிபதி ஒருவர், 'விற்கலாம், கரைக்கக் கூடாது' என்றார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை விதித்தது. சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துவிட்டது.

ஆனால், கணக்கு கோர்ட்டோடு முடிவதில்லை. மறுநாள் கரையில் தும்பிக்கை ஒரு பக்கம், கை ஒரு பக்கம், மரச்சட்டம் ஒரு பக்கம். அள்ளுவது துப்புரவுத் தொழிலாளி. வலையில் சிக்கினால் கிழிவது மீனவர் வலை. வரவு விழா கமிட்டிக்கு, பற்று இவர்களுக்கா?

நான் மட்டும் யோக்கியமா? எங்கள் ஃபிளாட்டில் கிணறு கிடையாது, போர்வெல்தான். பல வருஷம் குட்டிப் பிள்ளையாரை மாலை, ஜரிகைக் குடை சகிதம் பெசன்ட் நகர் கடலில் வீசிவிட்டு வந்தவன்தான். இப்போது பக்கெட்டில் தண்ணீர். ராத்திரி வைத்தால் காலையில் சேறு. அது துளசித் தொட்டிக்கு. மிஞ்சிய இரண்டு குன்றிமணியை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கிறோம்.

அடுத்த சதுர்த்திக்கு நோட்டுப் புத்தகத்தோடு பையன்கள் உங்கள் வாசலுக்கு வசூலுக்கு வருவார்கள். திட்டி அனுப்பாதீர்கள். பணத்தை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சிலை கரையுமாப்பா?"