படங்களுக்கான மாற்று உரை: ஒரு மதிப்பீடு

மாற்று உரை என்பது இணையப் பக்கத்தில் உள்ள ஒரு படத்திற்குப் பதிலாக நிற்கும் சிறு விவரிப்பு ஆகும். பார்வையற்றோரின் திரைவாசிப்பான் இதை உரக்கப் படிக்கிறது. தேடுபொறிகளும் படத்தின் பொருளை அறிய இதைப் பயன்படுத்துகின்றன. 1997இல் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 படங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மின்னணு ஊடகங்களும் அவர்களுக்கு எட்டும்படி அமைய வேண்டும் என்கிறது.

தேடுசொல் அடுக்கு

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் படத்திற்கு "மயிலாப்பூர் கோயில், சென்னை கோயில், சிறந்த சிவன் கோயில்" என்று எழுதினால், கேட்பவருக்குக் காட்சி எதுவும் கிடைக்காது. கூகுளும் இத்தகைய சொல்லடுக்கைத் தவிர்க்கவே அறிவுறுத்துகிறது. "அறுபத்து மூவர் விழா: நாயன்மார் திருமேனிகள் பல்லக்குகளில் மயிலாப்பூர் மாட வீதியில் வருகின்றன, இருபுறமும் மக்கள் கூட்டம்" என்றால் காட்சி புலப்படும். தேடுவோருக்கான சொற்களும் இயல்பாகவே அமைந்துவிடும். எனவே அணுகலும் தேடல் பயனும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

விவரிப்பும் விளக்கமும்

படவிளக்கம் வேறு, மாற்று உரை வேறு. அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் காற்றில் சாய்ந்தது என்ற வரலாறு அனைவருக்கும் உரியது. அது படத்தின் கீழ் வர வேண்டும். விழுதுகள் தனி மரங்கள் போல் பரந்து நிற்பதை மாற்று உரை சொல்ல வேண்டும். பயன்பாட்டைப் பொறுத்தும் உரை மாறும். தியாகராய நகர்க் கடை ஒன்று இணையத்தில் விற்கும் புடவைக்குப் "பட்டுப்புடவை" என்பது போதாது. உடல் நிறம், கரை, முந்தானை ஆகியவை தெரிந்தால்தான் வாங்குபவர் தாமே முடிவெடுக்க முடியும். வெறும் அலங்காரக் கோடுகளுக்கு மாற்று உரையை வெறுமையாக விடுவதே முறை.

படமாக்கப்பட்ட எழுத்து

மிகப் பெரிய இழப்பு இங்குதான் நேர்கிறது. மார்கழிக் கச்சேரி நிரலைப் படமாக மட்டும் வெளியிட்டால், செவியால் இசையை நுகரும் பார்வையற்ற ரசிகருக்கு நாளும் நேரமும் அரங்கமும் தெரியாமல் போகின்றன. நீண்ட நிரலை மாற்று உரைக்குள் திணிப்பதும் தீர்வாகாது. அதைப் பக்கத்திலேயே எழுத்தாகத் தருவதே சரி.

மதிப்பீடு

தானியங்கிச் சோதனைகள் மாற்று உரை இருக்கிறதா என்று எளிதில் கண்டுபிடிக்கும். அது பொருத்தமானதா என்பதைப் பெரும்பாலும் மனிதரே சொல்ல முடியும். ஆகவே "படம்1" என்று எழுதிய பக்கமும் தேர்ச்சி பெற்றுவிடக்கூடும். படத்தை நீக்கிவிட்டு அந்த வரியை மட்டும் படித்தாலும் பக்கத்தின் பொருள் குறையாமல் இருக்கிறதா என்பதே நம்பத்தக்க சோதனை.