மான்தலையன் விழுந்த மறுமாதம்

பகடையில் 20 விழுந்தது. கொள்ளையர் தலைவனின் மான் மண்டையோட்டுக் கவசத்தின் கண்குழிக்குள் அம்பு இறங்கியது என்று கேம் மாஸ்டர் சொல்லி முடிக்கும் முன்பே ஐந்து பேரும் எழுந்து நின்று கத்தினோம். நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளின் பலன் அது. பக்கத்து அறையிலிருந்து நண்பரின் அம்மா என்னமோ ஏதோவென்று ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு. அதே ஐந்து பேர், அதே மேசை. "கருவூலம் யார் கையில்?" என்று கேம் மாஸ்டர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. "எல்லையில் ரோந்து யார்?" அதற்கும் பதில் இல்லை. தளபதி பதவிக்கு மட்டும் மூன்று கைகள் உயர்ந்தன. அந்த மௌனத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். ‘கிங்மேக்கர்’ ஆட்டத்தின் வெற்றி தோல்வி கோட்டைக்குள் முடிவாவதில்லை. கொள்ளையன் செத்த மறுமாதத்தில்தான் முடிவாகிறது.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ‘பாத்ஃபைண்டர்’ என்ற டேபிள்டாப் விளையாட்டுக்காக பைசோ நிறுவனம் 2010இல் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட நீண்ட தொடர்கதை ஆட்டம் இது. ஒருவர் கதையை நடத்துவார்; அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முடிவெடுத்து, பகடை உருட்டுவார்கள். 2018 செப்டம்பரில் ஆவுல்கேட் கேம்ஸ் இதையே கணினி விளையாட்டாகவும் கொண்டுவந்தது. முதல் தொகுதி கொள்ளையனின் சாவோடு முடிகிறது. இரண்டாம் தொகுதி பிறக்கும்போது கையில் ஒரு நாடு இருக்கிறது. இத்தனைக்கும் பாத்திரங்கள் இன்னும் 4ஆம் நிலையில்தான் நிற்கின்றன. ஆட்டக்காரர்களின் கணக்கில் அது பால்மணம் மாறாத பருவம்.

களத்தை விளங்கிக்கொள்ள வடக்கே பார்க்க வேண்டும். பிரெவாய் என்ற நாட்டை ஆண்ட ரோகார்வியா வம்சம், அந்த உலகின் கணக்கில் 4699ஆம் ஆண்டில், ஒட்டுமொத்தமாக மாயமாகிவிட்டது. காலியான அரியணையில் சுர்டோவா குடும்பம் ஏறிக்கொண்டது. ரெஸ்டோவ் நகரத்து வாள்வீரப் பிரபுக்களுக்கு அது பொறுக்கவில்லை. நாளை சண்டை மூண்டால் தெற்கில் ஒரு நட்பு நாடு வேண்டும் அவர்களுக்கு. தெற்கிலோ ‘ஸ்டோலன் லேண்ட்ஸ்’ என்ற யாருக்கும் அடங்காத காடு. அங்கே போய் இடத்தைக் கண்டறியுங்கள், கொள்ளையரை ஒடுக்குங்கள் என்று பட்டயம் எழுதிச் சில குழுக்களை அனுப்புகிறார்கள். அதில் ஒரு குழுதான் ஆட்டக்காரர்கள். ஆக, மேலே ஓர் அரியணைத் தகராறு, கீழே ஒரு கொள்ளையன், நடுவில் நாம்.

அந்தக் கொள்ளையன் ஸ்டாக் லார்ட். எங்கள் மேசையில் அவனுக்கு மான்தலையன் என்று பெயர். டஸ்க்வாட்டர் ஏரிக்கரையில் ஒரு பாழடைந்த கோட்டை, எந்நேரமும் கையில் மது, நிலவறையில் அடைத்து வைத்த சொந்தத் தகப்பன். சிறுவயதில் தன்னைச் சித்திரவதை செய்த அந்தக் கிழவனை இவன் கொல்லவும் இல்லை, விடவும் இல்லை. கதையில் என்னை மிகவும் உலுக்கிய இடம் அதுதான். ஆட்டக்காரர்கள் அதை ஒரு அறைச் சண்டையாகக் கடந்துபோவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

ஆனால் இவனை வெறும் வழிப்பறிக்காரனாக எடைபோட்டால் பின்னால் வருவது புரியாது. ஓலெக் என்பவரின் வணிகச் சாவடிக்கு இவன் ஆட்கள் மாதம் தவறாமல் வருகிறார்கள். குறித்த நாள், குறித்த பங்கு. ஓலெக்கின் மனைவி ஸ்வெட்லானாவின் கல்யாண மோதிரம்கூட அப்படித்தான் போனது. கொடுமைதான். ஆனாலும் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. எந்தப் பாதையில் எவன் நிற்பான், எவ்வளவு கொடுத்தால் விடுவான் என்பது ஊருக்கே தெரியும். உதிரிக் கும்பல்கள் எல்லாம் ஒரே ஆளுக்குப் பயந்து ஒரே குடையின் கீழ் இருந்தன. பயம் செத்ததும் குடை கிழிகிறது. கீழே நின்றவர்கள் எங்கே போவார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு கோட்டைக்குள் நுழையும் குழுவை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

கோட்டைச் சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேர்வாசலில் மோதுவதைவிடக் கொள்ளையர் வேடத்தில் உள்ளே போவது மேல். அவனுடைய தளபதிகளில் அகிரோஸ் என்ற குற்றவுணர்ச்சிக்காரன் ஒருவன் இருக்கிறான். அவனோடு பேசுவது எல்லாவற்றையும்விட மேல். இங்கேதான் பட்டயத்தின் வாசகத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். கொள்ளையருக்கு வாள் அல்லது கயிறு என்று அது பொதுவாகச் சொல்லிவிடவில்லை. மனந்திருந்தாத கொள்ளையருக்கு என்றுதான் சொல்கிறது. அந்த ஒற்றை அடைமொழியில் ஒரு கதவு திறந்திருக்கிறது. முதல் நாள் உரக்கப் படித்துக் கைதட்டிய காகிதத்தைக் கோட்டைக்குள் எவரும் நினைப்பதில்லை. எங்கள் குழுவும் நினைக்கவில்லை. அகிரோஸ் வாளைக் கீழே போட்டபோது எங்கள் போர்வீரர் ஓங்கிய கையை நிறுத்தவில்லை. அந்தக் காட்டின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் தெரிந்த ஆளை நாங்களே வெட்டிப்போட்டோம். அடுத்த இரண்டு மாதம் ரோந்துப் பதவி காலியாகக் கிடந்ததற்கும் அந்த ஒரு வெட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இனி மறுமாதம். விதிகள் நாட்டை மூன்று எண்களாக்குகின்றன: பொருளாதாரம், விசுவாசம், நிலைத்தன்மை. கூடவே யாரும் விரும்பாத இன்னோர் எண், அன்ரெஸ்ட். மக்களின் கொந்தளிப்பு அது. 10ஐத் தாண்டினால் பிடித்த கட்டங்கள் கைநழுவத் தொடங்கும். 20ஐத் தொட்டால் அராஜகம், நாடு இருந்தும் இல்லாத நிலை. 12 மைல் அகலமுள்ள அறுகோணக் கட்டங்களாகப் பிரித்த வரைபடத்தில், மாதத்துக்கு ஒரு முறை என்று இந்த ஆட்டம் நகர்கிறது. மாதத் தொடக்கத்தில் நிலைத்தன்மைக்கு ஒரு பகடை. எட்ட வேண்டிய இலக்கு 20, அதோடு நாட்டின் பரப்பு. பதவிகள் நிரம்பாத புது நாட்டுக்கு அது எட்டாக்கனிதான்.

பதவிகள் மொத்தம் 11. ஒவ்வொன்றுக்கும் காலியாக இருந்தால் என்ன தண்டனை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தத் தண்டனைப் பட்டியலைத்தான் நான் வடிவமைப்பாளர்களின் மிகச் சிறந்த வேலையாகக் கருதுகிறேன். ரோந்துத் தலைவர் இல்லையா, பொருளாதாரத்தில் 4 குறையும். பாதைக்குப் பாதுகாப்பில்லாத நாட்டில் சந்தை எப்படிக் கூடும்? கருவூலக்காரர் இல்லையா, வரியே வசூலாகாது. அரசர் இல்லையென்றால் ஒவ்வொரு மாதமும் அன்ரெஸ்ட் 4 ஏறும். புதிய கட்டம் பிடிக்க முடியாது, பண்ணை போட முடியாது, சாலை போட முடியாது. வேறெதுவும் குறுக்கிடாவிட்டால் ஐந்தே மாதத்தில் 20. மான்தலையனின் கூட்டம் தலைவன் போனதும் எப்படிச் சிதறியதோ, அதே கதி நமக்கும்.

பதவியில் பெயரை எழுதி வைத்தால் மட்டும் போதாது. மாதத்தில் ஒரு வாரமாவது ஊரில் இருந்து வேலை பார்க்க வேண்டும். பழகிய ஆட்டக்காரர்களே வழுக்கும் இடம் இது. குகை தெரிந்தால் உள்ளே போகத்தான் கால் இழுக்கும். அரசியாக அமர்ந்த எங்கள் தோழி முதல் மாதம் ஊரில் இருந்த நாட்கள் மூன்று. தனி ஆட்டக்காரராக அவர் எங்கள் எல்லோரையும்விடத் திறமையானவர். முன்யோசனை, பேச்சு, பகடைத் துணிச்சல் எல்லாவற்றிலும். ஆனாலும் அந்த மாதக் கணக்கில் நாட்டுக்கு அரசர் இல்லை. அன்ரெஸ்ட் 4.

வரிக்கும் ஓர் அட்டவணை உண்டு. லேசான வரிக்குப் பொருளாதாரம் 1 ஏறும், விசுவாசம் 1 குறையும். நடுத்தரத்துக்கு 2க்கு 2. அதற்குமேல் கணக்கு சாய்கிறது: கடும் வரிக்கு 3 ஏற, விசுவாசம் 4 விழும், கசக்கிப் பிழியும் வரிக்கு 4 ஏற, 8 விழும். வரியே வேண்டாம் என்றால் விசுவாசம் 1 கூடும். பொதுக் கருவூலத்திலிருந்து சொந்தப் பைக்கு எடுத்தால் அன்ரெஸ்ட் ஏறும் என்றும் விதி இருக்கிறது. கொள்ளையனுக்கும் அரசனுக்கும் இடையிலான கோட்டை இவ்வளவு தெளிவாக எண்ணில் வரைந்த வேறொரு ஆட்டத்தை நான் ஆடியதில்லை.

வாள்வீரப் பிரபுக்கள் தரும் தொடக்க முதல் 50 கட்டுமானப் புள்ளி. அரண்மனைக் கோட்டையின் பட்டியல் விலை 54. ஒரு வீட்டுவரிசையின் விலை 3. அதைக் கட்டினால் அன்ரெஸ்ட் 1 குறையும். புதுக் குழுக்களின் கண் எப்போதும் அந்த 54இல்தான் நிற்கும். முதல் ஆறு மாதம் வீடும் பண்ணையும் மட்டுமே போதும் என்பது என் உறுதியான கருத்து. கட்சிக்காரர்கள் போல இதற்காக மேசையில் சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன்.

மறுமாதத்தைத் தவறாக ஆடினால் என்னவாகும் என்பதற்குக் கதையே இரண்டு சாட்சிகளைப் பக்கத்தில் வைத்திருக்கிறது. கிழக்கே மேகர் வார்ன், மேற்கே ஹன்னிஸ் ட்ரெலெவ். இருவரும் அதே பிரபுக்களிடம் பட்டயம் வாங்கிப் புறப்பட்டவர்கள். வார்னின் ஊர் ஒருநாள் ஆளே இல்லாமல் காலியாகக் கிடக்கிறது. மலைக்குள் கல்லறையில் கிடந்த பழைய தீமை ஒன்று விழித்துக்கொண்டதன் விளைவு. அதை வார்னின் ஆட்டத் திறனில் சேர்ப்பது நியாயமில்லை. ட்ரெலெவ் கதை வேறு. அர்மாக் என்ற போர்க்குடித் தலைவன் வாசலுக்கு வந்ததும் பணயக்கைதிகளைக் கொடுத்துத் தன் பதவியைக் காப்பாற்றிக்கொள்கிறார். கொடுத்தது தன் குடிமக்களின் பெண்பிள்ளைகளை. அதற்குப் பிறகு அவர் பக்கம் நிற்க யார் இருப்பார்கள்? அவருக்கும் படை இருந்தது, மதில் இருந்தது. விசுவாசம் என்ற எண்ணை மட்டும் அவர் ஒருநாளும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நம் ஊருக்குள்ளேயே வரும் சோதனை கிரிகோரி. சந்தையில் நின்று ஆட்சியைத் திட்டிக் கூட்டம் சேர்க்கும் பேச்சாளன். அவன் சொல்வதில் பாதி பொய், பாதி உண்மை. ரிவர் கிங்டம்ஸ் என்ற அந்த வட்டாரம் முழுக்க மதிக்கும் ஆறு சுதந்திரங்களில் முதலாவது, வாய்க்கு வந்ததைப் பேசும் உரிமை. நாங்கள் அவனைப் பிடித்து உள்ளே போட்டோம். கேம் மாஸ்டர் மறுபேச்சில்லாமல் அன்ரெஸ்ட்டில் 2 கூட்டினார். அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் செய்தது சரி. ரோந்து ஏன் இல்லை என்று அவன் கேட்டதற்கு எங்களிடம் பதிலே இல்லையே.

கணினி வடிவத்தில் ஜமாண்டி ஆல்டோரி என்ற பிரபு மூன்று மாதக் கெடு வைத்து அனுப்புகிறார்; முடித்தவருக்கு நிலமும் பட்டமும். தலைநகரம் எழுவது மான்தலையனின் கோட்டை நின்ற அதே இடத்தில். அதைத் திரையில் பார்க்கும்போது உண்மையிலேயே மயிர்க்கூச்செறியும். ஆனால் நாட்டு நிர்வாகத்தைத் தானியங்கியாக ஓடவிடும் வசதியும் அங்கே இருக்கிறது. சண்டை மட்டும் போதும் என்பவர்களுக்கு அது உதவலாம். நண்பர்கள் கேட்டால், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் மேசைக்குத் திரும்புகிறேன். இரண்டாம் மாதக் கடைசியில் அன்ரெஸ்ட் 9. ஒரு படி தவறினால் கட்டங்கள் போகத் தொடங்கும். தளபதி பதவிக்குக் கை தூக்கியவர்களில் ஒருவர், அகிரோஸை வெட்டிய அதே போர்வீரர், தானாகவே ரோந்தை ஏற்றுக்கொண்டார். அரசி ஊரிலேயே இருந்தார். கருவூலம் என் தலையில் விழுந்தது. முதல் தேதி வரிக்கணக்கோடு ஓலெக்கின் சாவடிக்குப் போனேன். கொள்ளையர் வழக்கமாக வந்த நாளும் அதுதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கேம் மாஸ்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: ஸ்வெட்லானா ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், அவர்களுக்குக் கொடுத்த அதே மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் முன் வைக்கிறாள். விரலில் நீங்கள் மீட்டுக்கொடுத்த மோதிரம் இருக்கிறது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேசையில் யாரும் பேசவில்லை. இந்த மாதம் வரி இல்லை என்று சொன்னேன். கேம் மாஸ்டர் தாளில் விசுவாசத்துக்கு 1 கூட்டி எழுதிவிட்டு, நிலைத்தன்மைக்கான பகடையை ரோந்துத் தலைவரிடம் நீட்டினார்.