பாடம் படித்தவர்களே தவணையில் வாங்கினார்கள்

பள்ளிக்கூடத்திலேயே பணத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பிள்ளைகள் கடனில் விழமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச மனம் வராது. நல்ல காரியம்தானே என்று தலையாட்டிவிடுவோம். பிரேசில்காரர்கள் தலையாட்டியதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார்கள். 2010–11இல் சாவ் பாவ்லோ, ரியோ டி ஜெனீரோ, மினாஸ் ஜெராயிஸ் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களிலும் தலைநகர்ப் பகுதியிலுமாக 892 அரசு உயர்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஏறத்தாழ பாதிப் பள்ளிகளில் நிதிக்கல்வியைப் புகுத்தினார்கள். மற்றப் பள்ளிகளில் வழக்கமான வகுப்புகளே நடந்தன. சுமார் 25,000 மாணவர்கள். விளைவுகளை உலக வங்கி ஆய்வாளர்களும் உடன் பணியாற்றியவர்களும் அளந்தார்கள். நிதிக்கல்விக்குக் கொடிபிடிப்பவர்களும் அதைக் கேலி செய்பவர்களும் ஒருசேரப் படிக்க வேண்டிய கணக்கு அது.

முதலில் பாராட்ட வேண்டியது பாடத்தை அமைத்த விதம். தனிப் பாடம் என்று ஒன்றை உருவாக்கவில்லை. 72 நடைமுறைச் சம்பவங்களை எழுதி, கணிதம், அறிவியல், வரலாறு, சமூகவியல் வகுப்புகளுக்குள் பிரித்துக்கொடுத்தார்கள். அரசுப் பள்ளிகளில் புதிதாக ஒரு பாடம் வந்தால் அது யார் தலையில் விழும் என்பது தெரிந்ததுதான்: அன்றைக்குக் கையில் வகுப்பில்லாமல் இருப்பவர் தலையில். அந்த விபத்தை இந்த ஏற்பாடு தவிர்த்தது. வீட்டு வரவு செலவைப் பெற்றோருடன் உட்கார்ந்து பேச வைத்ததும் பலன் தந்தது. மாணவர்களின் நிதியறிவு மதிப்பெண் கணிசமாக உயர்ந்தது. வகுப்பில் தேர்ச்சி பெறுவோர் கூடினார்கள். வாங்க நினைத்த பொருளுக்காகக் காசு சேர்ப்பவர்கள் 1.4 சதவீதப் புள்ளி அதிகமானார்கள். பெற்றோரின் சேமிப்புப் பழக்கம்கூடத் தேறியது. பிள்ளை மூலம் வீடு திருந்துவது எந்த நாட்டிலும் அடிக்கடி நடப்பதில்லை.

இனிதான் கசப்பு. பாடம் படித்த அதே மாணவர்கள், படிக்காதவர்களைவிட அதிகமாகக் கிரெடிட் கார்டிலும் தவணையிலும் வாங்கினார்கள். கட்ட வேண்டிய தவணையில் பின்தங்கவும் செய்தார்கள்.

ஏன்? என் வாசிப்பு இது. பிரேசிலின் கடைகளில் பொருளின் விலையைவிட, மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். தவணை என்றால் என்ன என்று வகுப்பில் புரிந்துகொண்ட பையனுக்கு அதுவரை இருந்த தயக்கம் போய்விடுகிறது. தயக்கம் போன அளவுக்கு எச்சரிக்கை வரவில்லை. இன்னொன்றும் உண்டு. 1993இல் அந்நாட்டின் பணவீக்கம் 2,000 சதவீதத்தைத் தாண்டியது. 1994இல் ரியால் என்ற புதிய நாணயம் வந்த பிறகே விலைவாசி அடங்கியது. இந்த மாணவர்களில் பலர் பிறந்தது அந்த ஆண்டையொட்டித்தான். அவர்களுடைய பெற்றோர், சம்பளம் வந்த கையோடு அரிசியும் எண்ணெயும் வாங்கிப் போடாதவன் ஏமாளி என்று அனுபவத்தில் கற்றவர்கள். அந்த வீட்டுப் பிள்ளையிடம் "காத்திரு, சேர்த்து வாங்கு" என்று மூன்று பருவப் பாடத்தில் சொல்லி முடித்துவிட முடியுமா?

கதை அங்கே நின்றிருந்தால் நிதிக்கல்வியை மூட்டை கட்டச் சொல்லியிருக்கலாம். ஆய்வாளர்கள் விடவில்லை. சுமார் 16,000 பேரை அரசுப் பதிவேடுகள் வழியாக ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். விளைவு தலைகீழாக இருந்தது. பாடம் படித்தவர்கள் வட்டி அதிகமான கடன்களை மற்றவர்களைவிடக் குறைவாகவே வாங்கியிருந்தார்கள். கெடு தவறிய கடன்களும் அவர்களிடம் குறைவு. இளவயதில் சிறு தொகையில் சூடு பட்டதும் பாடத்தின் ஒரு பகுதியாகவே அமைந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆண்டு முடிவில் ஒரு தேர்வு வைத்து இத்திட்டங்களை எடைபோடும் அதிகாரிகளுக்கு இது சங்கடமான செய்தி. அந்த அளவுகோலில் வெற்றியும் பொய், தோல்வியும் பொய்.

ஒன்பதாண்டுக் கணக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது. அதைப் பலரும் சாதனையாகவே படிக்கிறார்கள். பாடம் படித்தவர்களில் சிறுதொழில் நடத்துவோர் கூடியிருந்தார்கள். முறைசார்ந்த வேலையில் இருப்போர் குறைந்திருந்தார்கள். பிரேசிலில் பதிவுபெற்ற வேலை என்றால் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உண்டு, ஓய்வூதிய உரிமை உண்டு, வேலை போனால் கைகொடுக்கும் நிதி உண்டு. அவற்றை விட்டுச் சொந்தமாகக் கடை வைத்தவர்களில் எத்தனை பேர் விரும்பிப் போனார்கள், எத்தனை பேர் "முதலாளி ஆகு" என்ற பாடத்தின் உற்சாகத்தில் போனார்கள் என்பதைப் பதிவேடுகள் சொல்லாது. பாடம் யார் கையில் என்பதையும் பார்க்க வேண்டும். நாடு முழுவதற்குமான நிதிக்கல்வித் திட்டத்தை நடத்தப் பின்னர் அமைந்த சங்கத்தை நிறுவியவர்கள் வங்கிகளின் கூட்டமைப்பும் பங்குச்சந்தையும் காப்பீட்டு, முதலீட்டு நிறுவனங்களின் அமைப்புகளும். அவர்கள் பொய் சொல்லித்தருவார்கள் என்பதல்ல என் சந்தேகம். எந்தக் கேள்வியைப் பாடநூலுக்கு வெளியே விடுவார்கள் என்பதுதான்.

கணக்குப் பாடத்தையே நன்றாக நடத்தினால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்க மாநிலங்களின் கட்டாயப் பாடங்களை ஒப்பிட்டு ஷான் கோல் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், தனிநபர் நிதிப் பாடத்தால் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. கூடுதல் கணிதத்தால் தெரிந்தது. கூட்டுவட்டியைத் தானே போட்டுப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அறிவுரை அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் பிரேசில் திட்டம் கணித வகுப்புக்குள்ளும் நுழைந்த ஒன்று. ஆகவே இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது சரியில்லை.

கையில் காசில்லாத பிள்ளைக்குச் சேமிப்பைப் போதிக்கும் அபத்தத்தை 2024இல் பிரேசிலில் ஓரளவு சரிசெய்தார்கள். அரசுப் பள்ளிகளில் படிக்கும் ஏழை மாணவர்களுக்கான 'பே-டி-மேயா' திட்டத்தில், மாதம் 200 ரியால் எடுத்துச் செலவழிக்கலாம். ஒவ்வொரு ஆண்டும் தேறியதற்கான 1,000 ரியாலைப் பள்ளிப்படிப்பை முடித்த பிறகே தொடமுடியும். 72 சம்பவங்களும் சொல்லவந்ததை இந்த ஒரு கணக்கு கையில் கொடுத்துவிடுகிறது.

விடைத்தாளில் ஏறாத விஷயம் வட்டி. பிரேசிலில் கிரெடிட் கார்டு பாக்கியை முழுதாகக் கட்டாமல் விட்டால் 2023இல் வட்டி ஆண்டுக்கு 400 சதவீதத்துக்கும் மேல். எவ்வளவு நன்றாகப் பாடம் படித்தவனும் ஒரு மருத்துவச் செலவில், ஒரு வேலையிழப்பில் அந்தப் பள்ளத்தில் விழுவான். அவன் படிக்காததால் விழுந்தான் என்று சொல்ல நிதிக்கல்வி வசதியாக இருக்கிறது. கடன் கொடுத்தவனை யாரும் வகுப்பில் உட்காரச் சொல்வதில்லை. வட்டியும் கட்டணமும் சேர்ந்து அசல் கடனின் அளவைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. 2010இல் அந்தப் பாடத்தைப் படித்த மாணவர்கள் அப்போது முப்பதை நெருங்கியிருந்தார்கள்.